கறிக்கோழித் தீவனத்தில் பீர் சக்கையும் ஈஸ்ட்டும்: நொதிக்க வைத்தால் சோயாவுக்கு மாற்றாகுமா?

கொட்டகைவாசி (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். பீர் வடிக்கும் ஆலை ஒன்றிலிருந்து வாரந்தோறும் ஈரச் சக்கையும், நொதிகலத்தின் அடியில் தங்கும் ஈஸ்ட் கூழும் தருவதாகச் சொல்கிறார்கள். இதுவரை மாடு வளர்ப்பவர்கள்தான் அதை எடுத்து வந்தார்கள். ஆய்வறிக்கையில், உலர் எடைக் கணக்கில் 25 சதவீதம் புரதம் என்று இருக்கிறது. சோயாப் புண்ணாக்கைப் பெருமளவு குறைத்துவிட்டு இதைச் சேர்த்தால் கறிக்கோழிக்கு ஒத்துக்கொள்ளுமா என்று அறிய விரும்புகிறேன். நார் அதிகம் என்பது தெரியும். ஆனால் லாக்டிக் அமில பாக்டீரியாவைக் கொண்டு நொதிக்க வைத்தால் நார் உடைந்து, புரதமும் கூடும் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னார். எத்தனை சதவீதம், எந்த வயதிலிருந்து, ஈரமாகவா உலர்த்தியா என்பதைக் கையாண்டு பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தீவனத்தராசு:

நண்பரே, முதலில் அந்த ஆலையிலிருந்து வருவதைத் தனித்தனிப் பொருள்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முளைகட்டி அரைத்த பார்லியிலிருந்து இனிப்புச் சாற்றை வடித்த பிறகு மிஞ்சுவது சக்கை. நொதித்தல் முடிந்த பின் அடியில் படிவது ஈஸ்ட். சாற்றைக் கொதிக்க வைக்கும்போது ஹாப்ஸ் பூவோடு சேர்ந்து படியும் கசப்பான கசடு மூன்றாவது. பல ஆலைகளில் இந்தக் கசடையும் சக்கையோடு கலந்து அனுப்பிவிடுவார்கள். கலக்காமல் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் கசப்பு ஏறினால் கோழி தீவனத்தை ஒதுக்கத் தொடங்கும். (பண்ணையில் நாய் இருந்தால் இந்தக் கசடு அதற்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். ஹாப்ஸ் தின்ற நாய்க்கு உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.)

இனி எண்களுக்கு வருவோம். ஈரச் சக்கையில் 75 முதல் 80 சதவீதம் வரை தண்ணீர்தான். உலர்ந்த சக்கையில் புரதம் ஏறத்தாழ 25 சதவீதம், நார் 15 சதவீதம், கொழுப்பு 6 சதவீதம், கோழிக்குக் கிடைக்கும் ஆற்றல் கிலோவுக்குச் சுமார் 2080 கிலோகலோரி. மக்காச்சோளம் தருவது 3350. மாவுச்சத்தெல்லாம் சாற்றோடு போய்விட்டதால்தான் சக்கையில் புரதத்தின் விகிதம் உயர்ந்து தெரிகிறது. மிஞ்சியதில் பெரும்பங்கு உமியும் தானியத்தின் மேல்தோலும்தான். சோயாப் புண்ணாக்கில் ஏறத்தாழ 2.7 சதவீதம் லைசின் (தசை வளரத் தேவையான ஓர் அமினோ அமிலம்) இருக்க, இதில் 0.9 சதவீதம்தான் இருக்கிறது. புரத அளவு ஒன்றை மட்டும் பார்த்து சோயாவின் இடத்தில் இதை வைத்தால், மார்புக்கறி வளர வேண்டிய வயதில் லைசின் பற்றாமல் போகும்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 100 கிலோ தீவனத்தில் 6 கிலோ மக்காச்சோளத்தையும் 4 கிலோ சோயாப் புண்ணாக்கையும் எடுத்துவிட்டு 10 கிலோ உலர்ந்த சக்கையைச் சேர்த்தால், புரதம் குறையாது. சற்றுக் கூடவே செய்யும். இன்னோர் அமினோ அமிலமான மெத்தியோனினிலும் பெரிய வேறுபாடு இராது. ஆனால் ஆற்றல் கிலோவுக்கு ஏறத்தாழ 80 கிலோகலோரி குறைந்துவிடும். அதை ஈடுகட்ட, மேலும் கொஞ்சம் மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு ஏறத்தாழ 1.5 சதவீதம் எண்ணெய் சேர்க்க வேண்டியிருக்கும். டன்னுக்கு அரைக் கிலோ அளவில் லைசினையும் தனியாகக் கூட்ட வேண்டும். சக்கையின் உண்மையான மதிப்பு, இந்த எண்ணெயின் விலையையும் லைசினின் விலையையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான்.

நொதிக்கலம்:

தீவனத்தராசு அவர்கள் சொன்ன எண்கள் நொதிக்காத சக்கைக்கு உரியவை. நொதித்தல் அவற்றில் சிலவற்றை நல்ல பக்கமாக மாற்றுகிறது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆனால் எந்த நொதித்தல் என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

காற்றுப் புகாமல் அடைத்து, லாக்டிக் அமில பாக்டீரியாவை வளரவிடுவது ஒரு முறை. அது அடிப்படையில் பதப்படுத்தும் முறை. கார அமில நிலை (pH) 4.5-க்குக் கீழே இறங்கிவிட்டால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பெருக முடியாது. காற்று நுழையாதவரை பூஞ்சையும் கட்டுக்குள் இருக்கும். ஆனால் அந்த பாக்டீரியாவுக்குச் செல்லுலோஸை உடைக்கும் வலிமை கிடையாது. சக்கையில் மிஞ்சியிருக்கும் சர்க்கரையைத்தான் அது தின்கிறது; உமி உமியாகவே இருக்கும். ஆகவே உங்களிடம் சொன்னவர் பாதியைத்தான் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

நாரை ஓரளவு உடைக்க வேண்டுமானால் அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே போன்ற பாதுகாப்பான பூஞ்சை வகையையோ, பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவையோ கொண்டு நொதிக்க வைக்க வேண்டும்; அல்லது சைலனேஸ் நொதியைச் சேர்க்க வேண்டும். சக்கையின் நாரில் பெரும்பகுதி, தண்ணீரில் கரையாத அராபினோசைலான். சைலனேஸ் அதன் சங்கிலியை ஆங்காங்கே வெட்டி, உள்ளே சிறைப்பட்டிருக்கும் புரதத்தைக் கொஞ்சம் விடுவிக்கும். நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்க வைத்தால், பாஸ்பரஸைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட்டும் குறையும். இது சிறு பண்ணையில் செய்யக்கூடாத வேலை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வெப்பநிலையையும் ஈரத்தையும் கவனித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். எந்தப் பூஞ்சையை வளர்க்கிறோம் என்பது உறுதியாகத் தெரிந்திருக்கவும் வேண்டும். தானாக முளைத்த பூஞ்சையை நல்ல பூஞ்சை என்று நம்பிவிடக்கூடாது.

தீவனத்தராசு:

இதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் "புரதம் கூடும்" என்ற பேச்சை மட்டும் அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை, ஏனென்றால் விற்பவர்கள் அதைத்தான் முன்னால் வைக்கிறார்கள். 100 கிலோ உலர்ந்த சக்கையில் 25 கிலோ புரதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொதிக்கும்போது நுண்ணுயிர்கள் சர்க்கரை, நார் போன்றவற்றில் 10 கிலோவைத் தின்று கரியமில வாயுவாக வெளியேற்றிவிட்டால், மிஞ்சிய 90 கிலோவில் அதே 25 கிலோ புரதம் இருக்கும். அறிக்கையில் அது 27.8 சதவீதம் என்று வரும். ஒரு கிராம் புரதம்கூடப் புதிதாக உண்டாகவில்லை, ஆற்றல்தான் இழப்பாகியிருக்கிறது.

இன்னொன்றையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நொதிக்க வைக்கும்போது நைட்ரஜனுக்காக யூரியாவோ அம்மோனியம் சல்பேட்டோ சேர்த்திருந்தால், நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கும் வழக்கமான சோதனை அதையும் புரதமாகவே காட்டும். மாட்டின் வயிற்றில் அதற்குப் பயன் உண்டு. கோழிக்கு இல்லை. நொதித்த பொருளை வாங்குவதானால் லைசின், மெத்தியோனின், த்ரியோனின் அளவுகளைத் தனியாகச் சோதித்த அறிக்கையைக் கேளுங்கள்; புரத எண்ணை மட்டும் கொண்டு முடிவெடுக்காதீர்கள்.

மருந்துப்பெட்டி:

நான் கால்நடை மருத்துவம் பார்ப்பவன். சத்துக் கணக்குக்கு முன்பு கவனிக்க வேண்டியது கெட்டுப்போகும் வேகம்தான். சக்கை கலத்திலிருந்து வெளியே வரும்போது 70 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில், கிருமிகள் ஏறத்தாழ இல்லாத நிலையில் இருக்கும். ஆறத் தொடங்கியதும் வழியில் இருக்கும் கிருமிகள் எல்லாம் அதில் வந்து குடியேறும். வெப்பமான பருவத்தில் திறந்த குவியலாகக் கிடந்தால் 2 அல்லது 3 நாள்களில் புளித்து, ஓரங்களில் பூஞ்சை பூக்கும். அந்தப் பூஞ்சையைச் சுரண்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நச்சு, கண்ணுக்குத் தெரியும் பூஞ்சையோடு நின்றுவிடுவதில்லை. அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு சமையல் சூட்டுக்கும் அழியாது. லாக்டிக் நொதித்தலும் அதை நம்பத்தக்க அளவில் நீக்காது. கோழித் தீவனத்தில் அதற்குப் பல நாடுகள் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். ஈரல் வெளுத்துப் பெருத்து, எடை ஏறாமல், தடுப்பூசி சரியாகப் பிடிக்காமல் போகும் கூட்டங்களில் நான் முதலில் ஐயப்படுவது தீவனத்தைத்தான்.

ஈஸ்ட் கூழைப் பற்றி இதுவரை யாரும் விரிவாகச் சொல்லவில்லை. உலர்ந்த ஈஸ்ட்டில் 44 சதவீதம் வரை புரதமும், 3 சதவீதத்துக்கு மேல் லைசினும், பி வகை வைட்டமின்களும் இருக்கின்றன. அந்த வகையில் சக்கையைவிட இது பன்மடங்கு மேலான பொருள். ஆனால் உயிருள்ள ஈஸ்ட்டை அப்படியே ஊற்றக்கூடாது. அதில் ஆல்கஹால் மிஞ்சியிருக்கும். உயிரோடு இருக்கும் ஈஸ்ட், தீவனத்தில் உள்ள சர்க்கரையைக் குடலிலும் நொதிக்க வைத்து வாயுவை உண்டாக்கும். குடலில் உள்ள தயாமினையும் (வைட்டமின் பி1) தனக்கென எடுத்துக்கொள்ளும். 80 டிகிரி வரை சூடாக்கிக் கொன்ற பிறகே பயன்படுத்துங்கள்; திறந்த கலத்தில் சூடாக்கினால் ஆல்கஹாலிலும் ஒரு பகுதி ஆவியாகிவிடும். கலம் கழுவும் காஸ்டிக் சோடா நீர் அந்தக் கூழில் கலந்திருக்கவில்லை என்பதையும் ஆலையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஈஸ்ட்டில் நியூக்ளிக் அமிலம் அதிகம். பறவையின் உடல் அதை யூரிக் அமிலமாக மாற்றிச் சிறுநீரகத்தின் வழியே வெளியேற்ற வேண்டும். தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்ட நாளில், கடும் வெயிலில், இந்தச் சுமையும் சேர்ந்தால் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரேட் (யூரிக் அமில உப்பு) படியும் நிலை வரலாம். உலர் எடையில் 2 முதல் 5 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

கொட்டகைவாசி:

மிக்க நன்றி. ஈஸ்ட்டைத் தனியாகச் சூடாக்கிக்கொள்வதில் சிரமம் இல்லை. எனக்கு இருக்கும் பெரிய தடை சக்கையை உலர்த்துவதுதான். ஈரமாகவே நொதிக்க வைத்து, நேரடியாகத் தீவனத்தோடு பிசைந்து தொட்டியில் வைத்தால் உலர்த்தும் செலவே இல்லாமல் போய்விடாதா? மாட்டுக்கு அப்படித்தானே தருகிறார்கள்?

நொதிக்கலம்:

தரலாம், ஆனால் அளவு முக்கியம். ஐந்து வார வயதில் ஒரு கோழி ஒரு நாளைக்கு 150 கிராம் தீவனம் தின்கிறது என்று கொண்டால், அதில் உலர் பொருள் ஏறத்தாழ 132 கிராம். அதில் 10 சதவீதத்தைச் சக்கையிலிருந்து தர வேண்டுமானால், 22 சதவீதம் உலர் பொருள் கொண்ட ஈரச் சக்கை 60 கிராம் போதும்; கோழி அதைத் தின்றுவிடும். அதுவே 30 சதவீதம் என்றால் 180 கிராம் ஈரச் சக்கை ஆகிவிடும். தீனிப்பை நிறைந்துவிடும், ஆற்றல் நிறையாது. மாட்டுக்கு அசைபோடும் வயிறும், நாரை நாள்கணக்கில் ஊறவைத்து உடைக்கும் நுண்ணுயிர்க் கூட்டமும் உண்டு. கோழியின் குடலில் தீவனம் சில மணி நேரமே தங்குகிறது. நுண்ணுயிர் வேலை நடக்கும் குடல்வால்களுக்குள்ளும் நீர்மமும் நுண்துகள்களும் மட்டுமே போகும், உமி போகாது.

ஈரமாக நொதிக்க வைக்கும் முறையைச் சொல்கிறேன். சக்கையைச் சுடச்சுட எடுத்து வந்து, சுத்தமான சாக்கில் கட்டிப் பிழியுங்கள். பிழிந்த நீர் வழிந்தோட ஓர் ஏற்பாடு வேண்டும். கையால் இறுக்கிப் பிடித்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், சொட்டக்கூடாது. மிஞ்சிய சர்க்கரை போதாது என்பதால் 2 அல்லது 3 சதவீதம் வெல்லப்பாகுக் கழிவு சேர்ப்பார்கள். சூடு 40 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே பாக்டீரியாக் கலவையைத் தெளிக்க வேண்டும். அதற்கு முன் தெளித்தால் அது செத்துவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் அடுக்கடுக்காக மிதித்து, காற்று இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். மூன்று வாரம் போதும். திறக்கும்போது தெளிவான புளிப்பு வாசனை வர வேண்டும். ஊசிய வெண்ணெய் நாற்றமோ அம்மோனியா நெடியோ வந்தால் அந்தப் பீப்பாயை எருக்குழிக்கு அனுப்பிவிடுங்கள். திறந்த பீப்பாயைச் சில நாள்களுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதால், சிறிய பீப்பாய்களாகவே போடுவது நல்லது.

ஒரு நுட்பமான செய்தி: தனியாகச் சேர்க்கும் லைசினை நொதிக்கும் கலவையில் போடாதீர்கள். அமிலம் ஏறுவதற்கு முந்தைய முதல் கட்டத்தில் கோலிபார்ம் வகைக் கிருமிகள் தனித்த லைசினைச் சிதைத்துவிடும். கொட்டகைக்கு எடுத்துப்போகும் நேரத்தில், உலர்ந்த தீவனத்தோடு கலந்தே லைசின் சேர வேண்டும்.

மருந்துப்பெட்டி:

ஈரத் தீவனத்தில் தொட்டிச் சுத்தம்தான் பாதி வேலை. காலையில் வைத்தது மாலைக்குள் தீர வேண்டும். மூலையில் ஒட்டிக் காய்ந்ததைச் சுரண்டிக் கழுவாமல் மேலே புதிதாகக் கொட்டினால், பீப்பாயில் கட்டிக்காத்த அமில நிலை அத்தனையும் வீண். தானியங்கித் தீவனச் சங்கிலி உள்ள கொட்டகையில் ஈரக் கலவை ஓடாது, அடைத்துக்கொள்ளும்.

தரையில் பரப்பியிருக்கும் ஆழ்கூளத்தையும் நாள்தோறும் பாருங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கித் திறந்தால் அது உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று பொருள். அதைத் தொடர்ந்து பாதப் புண்ணும், அம்மோனியாவால் கண் எரிச்சலும், ரத்தக்கழிச்சலும் வரும். இதற்கு நாரின் மேல் மட்டும் பழி போடக்கூடாது. உப்பு, தண்ணீர்க் குழாயின் உயரம், காற்றோட்டம் எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் புதிதாக மாற்றியது சக்கை மட்டும் என்றால் முதலில் அதைக் குறைத்துப் பாருங்கள்.

புறக்கடை:

எல்லோரும் நாரை எதிரியாகவே பேசுகிறீர்கள். கரையாத நார் சிறிதளவு இருந்தால் அரைவைப்பை வலுப்படும். தீவனம் அங்கே கூடுதல் நேரம் தங்கி, அமிலத்தில் நன்றாக ஊறி, நன்றாக அரைபட்டுக் குடலுக்குள் இறங்கும். மாவாக அரைத்த தீவனத்திலேயே வளர்ந்த கோழியின் அரைவைப்பையை வெட்டிப் பார்த்தால் தளர்ந்து, சுவர் மெலிந்து இருப்பதைக் காணலாம். ஓட்ஸ் உமியை 2, 3 சதவீதம் சேர்ப்பதால் கிடைக்கும் நன்மையைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சக்கையை மாவாக்காமல் கொஞ்சம் பருவெட்டாகவே விட்டால், அதே வேலையை இதுவும் செய்ய வாய்ப்பிருக்கிறது.

இன்னொரு கோணமும் இருக்கிறது. கறிக்கோழியின் தாய்க்கோழிகளுக்கு எடை மிஞ்சக்கூடாது என்பதற்காகத் தீவனத்தை அளந்து, குறைத்துத்தான் போடுகிறோம். அவை பசியோடு காலித் தொட்டியைக் கொத்திக்கொண்டே நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். ஆற்றல் குறைவாகவும் நார் மிகுதியாகவும் உள்ள சக்கைக்கு மிகப் பொருத்தமான இடம் அதுதான் என்பது என் உறுதியான கருத்து. வயிறு நிறையும், எடை ஏறாது. மெதுவாக வளரும் நாட்டு இனங்களுக்கும் இதைத் தாராளமாகத் தரலாம். வேகமாக வளரும் கறிக்கோழிக்கு இதைத் திணிப்பதைவிட, எந்தப் பறவைக்கு இது ஏற்றது என்று தேடுவது அறிவுடைமை.

தீவனத்தராசு:

புறக்கடை அவர்களின் தாய்க்கோழி யோசனையை முழு மனத்தோடு வழிமொழிகிறேன். அரைவைப்பை பற்றிச் சொன்னதும் சரி. ஆனால் அந்த நன்மை 2, 3 சதவீதத்திலேயே கிடைத்துவிடுகிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

உலர்த்துவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 22 சதவீதம் உலர் பொருள் கொண்ட ஈரச் சக்கையை 88 சதவீதத்துக்குக் கொண்டுவர, ஒரு கிலோ உலர்ந்த சக்கைக்கு 4 கிலோ ஈரச் சக்கை வேண்டும். 3 கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். அடுப்பில் உலர்த்தினால் ஆவியாதலுக்கு மட்டுமே 7 மெகாஜூலுக்குக் குறையாத வெப்பம் தேவை. வீணாகும் வெப்பம் தனி. எனவே முதலில் பிழிவது, பிறகு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி வெயிலில் அடிக்கடி கிளறி உலர்த்துவது என்ற வரிசைதான் கட்டுப்படியாகும். மழை, மூட்டம் உள்ள நாள்களில் இதை முயலவே வேண்டாம். அன்றைய சக்கை நேராகப் பீப்பாய்க்குப் போகட்டும். கருகும் அளவுக்குச் சூடாக்கினால் லைசின் சர்க்கரையோடு பிணைந்து செரிக்காமல் போகும். நிறம் அடர்பழுப்பாக மாறியிருந்தால் அது தவறான சூடு.

கொட்டகைவாசி:

எல்லோரும் சொன்னதைக் கொண்டு ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். முதல் மூன்று வாரம் குஞ்சுகளுக்குச் சக்கை கிடையாது. நான்காம் வாரத்திலிருந்து, பிழிந்து வெயிலில் உலர்த்திய சக்கை 5 சதவீதம். சூடாக்கிய ஈஸ்ட், உலர் எடையில் 2 சதவீதம். லைசினையும் எண்ணெயையும் கணக்கிட்டுச் சேர்ப்பேன். ஒத்துக்கொண்டால் அடுத்த கூட்டத்தில் சக்கையை 8 சதவீதமாக்கலாம் என்று நினைக்கிறேன். வெயில் இல்லாத நாள்களின் சக்கையை நொதிக்க வைத்துத் தாய்க்கோழி வளர்க்கும் நண்பர் ஒருவருக்குத் தரலாம். இதில் குறை இருந்தால் சொல்லுங்கள்.

தீவனத்தராசு:

நல்ல திட்டம். ஒரு கொட்டகைக்குப் பழைய தீவனமும் இன்னொரு கொட்டகைக்குப் புதிய தீவனமும் போட்டு ஒப்பிடாதீர்கள். கொட்டகைக்குக் கொட்டகை காற்றோட்டமும் குஞ்சின் தரமும் வேறுபடும். ஒரே கொட்டகையில் தடுப்பு வைத்து, ஒரே நாளில் வந்த குஞ்சுகளைச் சம எண்ணிக்கையில் பிரித்து, இரண்டு தீவனத்துக்கும் குறைந்தது நான்கு அறைகளாவது ஒதுக்குங்கள். நான்காம் வாரத் தொடக்கத்தில் எல்லா அறைகளிலும் எடை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். புதிய தீவனத்துக்கு ஒரே நாளில் மாற்றாமல் மூன்று நான்கு நாள்களில் படிப்படியாக மாற்றுங்கள். விற்பனை நாளில் சராசரி எடையை மட்டும் பார்க்காமல், ஒரு கிலோ எடைக்குச் செலவான தீவனத்தையும், கோழிகளுக்கிடையே உள்ள எடை வேறுபாட்டையும் குறித்து வையுங்கள். உரித்த பிறகு கறி எடையையும் பாருங்கள். நார் கூடினால் குடலும் அரைவைப்பையும் கனத்துவிடும் என்பதால், உயிரெடை சமமாக இருந்தும் கறி எடை குறைந்திருக்கலாம்.

மருந்துப்பெட்டி:

ஒவ்வொரு முறை வரும் சக்கையிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, தேதி எழுதி, உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். கோழிகளில் ஏதாவது கோளாறு தெரிந்தால் பூஞ்சை நச்சுச் சோதனைக்கு அனுப்ப அது வேண்டும்; தின்று தீர்ந்த தீவனத்தைப் பிறகு சோதிக்க முடியாது. தீவனம் எடுப்பது தொடர்ந்து இரண்டு நாள் குறைந்தாலோ, எச்சத்தில் செரிக்காத உமி நிறையத் தெரிந்தாலோ, கூளம் ஈரமானாலோ, காரணம் தெரியும் வரை சக்கையை நிறுத்திவிட்டுப் பழைய தீவனத்துக்குத் திரும்புங்கள். 8 சதவீதத்துக்கு ஏறுவதை அந்த முதல் கூட்டத்தின் கறி எடை கையில் வந்த பிறகு முடிவு செய்யலாம்.